எலுமிச்சை மூட்டில் உப்பு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரெல்லாம் பேச்சு. பேசட்டும். பதினொரு எலுமிச்சை மரங்களுக்கு ஒற்றை ஆளாகக் கிணற்றிலிருந்து வெள்ளம் கோரி ஊற்றிப் பார்த்தால் தெரியும், கோபம் எங்கிருந்து வருகிறது என்று. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் கோபப்பட்டது முழுக்கத் தப்பு. அதையும் நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் இரண்டு கூட்டிச் சொல்வார்கள்.

புதுக்கடையிலிருந்து தேங்காய்ப்பட்டணம் போகிற வழியில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் இஸ்ரவேல் எங்கள் சபையில் கோயில்குட்டி. மணி அடிப்பார், விளக்குத் துடைப்பார், பாய் விரிப்பார். யாரிடமும் உரக்க ஒரு வார்த்தை பேச மாட்டார். வீட்டில் உரக்கப் பேச ஒருத்தி போதும் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது. அவருடைய அண்ணன் ஞானையன் அத்தான்தான் குடும்பத்துக்குப் பெரியவர், சபையில் மூப்பரும் கூட. பூமி இன்னும் பாகம் பிரிக்கவில்லை. எந்த விளையில் எந்த மரம் நிற்க வேண்டும் என்பதை அவர்தான் தீர்மானிப்பார். அவரைக் கேட்டால் எல்லா விளையிலும் தென்னைதான் நிற்க வேண்டும்.

கிணற்றுக்குப் பின்னால் இருந்த விளையில் தென்னைகள் வண்டு விழுந்து பட்டுப்போயின. அருமனையில் கட்டிக்கொடுத்த என் தங்கை ராஜபாய் பதினொரு எலுமிச்சங்கன்றுகள் கொடுத்தனுப்பினாள். அவற்றை அங்கே வைக்கிறேன் என்று நான் சொன்னபோதே அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இந்த மண்ணுக்கு எலுமிச்ச பிடிக்காது பூங்கனி. எனக்க முற்றத்துல ஒண்ணு நின்னுது, தேவகனி வச்சது. என்ன பாடு பட்டும் கரிஞ்சு போச்சு" என்றார்.

தேவகனி அக்கா அவர் மனைவி. காய்ச்சலில் போய்விட்டாள். அவள் வைத்த மரம் அடுத்த வருஷமே பட்டுப்போனது. அந்தப் பேச்சை எடுத்தால் அவர் அதிகம் நிற்க மாட்டார். அதனால்தான் எனக்கு அந்த விளை கிடைத்தது. "என்னமும் செய்யி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான்காம் வருஷம் மரங்கள் காய்த்தன. எப்படிக் காய்த்தன என்கிறீர்கள்! என் மகள் குளோரி அப்போது நாகர்கோவிலில் மிஷன் போர்டிங்கில் தங்கி ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். எங்களைப்போன்ற வீட்டுப் பிள்ளை போர்டிங்கில் தங்கிப் படிப்பது லேசுப்பட்ட காரியமா? நான் கொண்டுபோன ஊறுகாயைப் போர்டிங் அம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். கண்ணை மூடித் திறந்தார். வருஷத்துக்கு இரண்டு பெரிய பீங்கான் பரணி நிறைய இதைக் கொண்டுவந்தால் பிள்ளையின் சாப்பாட்டுக்கு வேறு எதுவும் தர வேண்டாம் என்றார். ஆக, அந்த மரங்கள் காய்த்தால் குளோரி படிப்பாள். காய்க்காவிட்டால் வீட்டுக்கு வந்து கயிறு திரிப்பாள். அவளுக்கு வாத்திச்சி ஆக வேண்டும் என்று ஆசை. எனக்கு அவளைவிட ஆசை.

அந்த ஆசைதான் என்னைக் கெடுத்தது. நன்றாகக் காய்த்த மரத்தைச் சும்மா விட்டிருக்கலாம் அல்லவா? விடவில்லை. இன்னும் காய்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில் அத்தான் தென்னைகளுக்கு அடிமரத்து மண்ணை விலக்கி மூடு திறந்து, சாம்பலும் உப்பும் வைத்து மண் அணைத்தார். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். உப்பு வைத்த தென்னை குலை தள்ளுவதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் நான். தென்னைக்கு நல்லது எலுமிச்சைக்கு ஆகாதா என்று எனக்குத் தோன்றியது. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து தினமும் மீன் கொண்டுவரும் லீமா எங்கள் வேலியோரத்துக் கல்லில்தான் கடவத்தை, அதான் அந்த ஓலைக்கூடையை, இறக்கி வைத்து இளைப்பாறுவாள். கேட்டால் ஒரு கலயம் கருவாட்டு உப்புத்தண்ணீர் கொண்டுவந்து தருவாள். தென்னைக்கு அது அமிர்தம். தென்னைக்கு என்று நினைத்துத்தான் அவள் தந்தாள். பாதியைத் தென்னைக்கு ஊற்றினேன். பாதியை எலுமிச்சைக்கு ஊற்றினேன். அதோடு விட்டேனா? தென்னைக்கு அணைப்பதுபோல முழங்கால் உயரத்துக்கு மண்ணை வாரி வாரி எலுமிச்சை மூட்டிலும் அணைத்தேன். கிளைகளில் கூடு கட்டியிருந்த முசிறு எறும்புகள் காய் பறிக்கும்போது கடித்துப் பிடுங்கின. ஒரு ஓலைச் சூட்டு கொளுத்தி அவற்றையும் கூண்டோடு ஒழித்தேன். அன்று சாயங்காலம் விளையைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

ராஜபாய் உப்பைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை. அவளைக் குறை சொல்லவும் முடியாது. அருமனையில் யார் எலுமிச்சைக்கு உப்பு வைக்கிறார்கள், வைக்காதே என்று சொல்வதற்கு?

தை பிறந்து வெயில் ஏறியது. இலை நுனிகள் நெருப்புப் பட்டதுபோலக் கருகின. பிறகு மஞ்சளாகி உதிர்ந்தன. பூ உதிர்ந்தது, பிஞ்சு உதிர்ந்தது. மூட்டுப் பட்டை வெடித்துப் பிசின் ஒழுகியது. மிச்சமிருந்த தளிர்களைப் பறவை எச்சம்போலக் கிடந்த ஏதோ புழுக்கள் தின்றன. பதினொன்றில் கிணற்றோரம் நின்ற ஒரே ஒரு மரம் மட்டும் பச்சையாக நின்றது. அதைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

எனக்கு லீமாதான் ஞாபகம் வந்தாள். தினமும் அந்தக் கல்லில் உட்கார்ந்து மரங்களையே பார்ப்பாள். "காய் கொள்ளாமே அக்கா!" என்று மெச்சுவாள். எங்கள் சபையில் கண்ணேறு என்று ஒன்று கிடையாது. உபதேசியார் அதைப் பற்றி எத்தனையோ தடவை பிரசங்கம் பண்ணியிருக்கிறார். நானும் தலையாட்டியிருக்கிறேன். பிரசங்கத்துக்குத் தலையாட்டுவது வேறு, சொந்த மரம் கருகுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது வேறு.

மாசியில் ஒருநாள் புதுக்கடைச் சந்தையில் அவளைப் பார்த்தேன். சாளை மீனைக் கூறு போட்டு வைத்திருந்தாள்.

"ஏட்டி லீமா! இன்னும் யாருக்க விளையப் பாத்துக் கரிக்கப் போற?" என்று கேட்டேன்.

சந்தை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதோடு நிறுத்தியிருந்தால் நான் பூங்கனியா? கொள்ளிக்கண்ணு என்றேன். எனக்க பிள்ளைக்க படிப்ப முடிச்சிட்டியே என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதினால் எனக்குத்தான் வெட்கம்.

லீமா வாயாடிதான். ஆனால் அன்றைக்குச் சண்டைக்கு வரவில்லை. கூறு போட்ட மீனைத் திரும்பக் கடவத்தில் அள்ளினாள்.

"கடலப் பாத்து வளந்த கண்ணு அக்கா இது. ஒனக்க பத்து மரத்தப் பாத்தா கெட்டுப் போவும்?" என்றாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் தெருப் பக்கம் வரவில்லை.

பங்குனியில் அத்தான் விளைக்கு வந்து எல்லா மரத்தையும் ஒரு சுற்று பார்த்தார்.

"நான் அண்ணைக்கே பறஞ்சேன். இந்த மண்ணுல இது நிக்காது."

"ஒரு வருஷம் பாருங்க அத்தான்."

"பாக்கேன். அடுத்த அறுப்புப் பண்டிகைக்கு ஒரு கடவம் நிறைய காய் கொண்டு கோயில்ல வையி. வச்சா மரம் நிக்கட்டும். இல்லாட்டி அண்ணைக்கே மரம்வெட்டி முத்துநாயகத்தக் கூட்டி வந்து வெட்டிப் போட்டுத் தென்னை வைப்பேன்."

அறுப்புப் பண்டிகை கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து மாசியில் வரும். ஒவ்வொரு வீட்டாரும் முதல் விளைச்சலைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். எனக்குப் பதினோரு மாதம் இருந்தது. அடுக்களையில் பழைய ஊறுகாய் இரண்டு பரணி மிச்சம் இருந்தது. அந்த வைகாசிக்கு அது போதும். அதற்கு அடுத்த வைகாசிக்கு இந்த மரங்கள்தான் கதி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சத்துப் போதவில்லை என்று முடிவு கட்டினேன். ஒரு கடவம் உப்பு வாங்கி வந்து, மூட்டுக்கு ஒரு நாழி என்று அளந்து அளந்து வைக்க ஆரம்பித்தேன்.

சித்திரை கடைசி. பத்தாவது மரத்துக்கு உப்பு அளந்துகொண்டிருந்தபோது வேலிக்கு வெளியே குரல் கேட்டது.

"பூங்கனியக்கா."

லீமா நின்றாள். தலையில் கடவம் இல்லை.

"என்னட்டி? மிச்சம் நிக்கதையும் பாத்து முடிக்க வந்தியா?"

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. "எனக்க மருமவ ரீத்தாவுக்கு மாசம் மூணு. ஒரு பருக்க உள்ள எறங்கல்ல. எலுமிச்சங்கா ஊறுகா வேணும்னு அழுதுட்டுக் கெடக்கா. சந்த முழுக்கத் தேடியாச்சு. வேற எங்கயும் கிட்டுனா ஒனக்க வாசல்ல வந்து நிப்பனா?" என்றாள். சொல்லி முடிக்கும்போதே அவள் பார்வை என் கைக்கு வந்தது. "கையில என்னது?"

"உப்பு."

"எதுக்கு?"

"மரத்துக்குத்தான். பின்ன கஞ்சிக்கா?"

வேலியை எப்படித் தாண்டினாள் என்று எனக்குத் தெரியாது. ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். அதுவரை அக்கா என்றவள், "ஏட்டி, ஒனக்கு மூள கீள உண்டா?" என்றாள். "எங்க கடப்புறத்துல தென்னையக் கண்டிருக்க. ஒரு எலுமிச்ச மரம் நின்னு கண்டியா? ஒரு மூடு? இருந்தா நான் ஒரு ஊறுகாய்க்கு இம்புட்டுத் தூரம் நடப்பனா? உப்புக்காத்து அடிச்சாலே எல கரியும். நீ மூட்டுல கொண்டு கொட்டுத!"

"தென்னைக்கு வைக்கது தானே..."

"தென்ன உப்பத் தின்னும். அது எங்க சாதி. இது அப்பிடியா?" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். "நான் தந்த கருவாட்டுத் தண்ணி?"

நான் நாழியை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தேன்.

"அதையும் இதுக்கா விட்ட?"

நான் கிணற்றோரத்து மரத்தைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். குளிக்கிற தண்ணீர், துணி துவைக்கிற தண்ணீர் எல்லாம் அந்த மூட்டைக் கழுவிக்கொண்டுதான் ஓடும். அங்கே நான் வைத்த உப்பு தங்கவே இல்லை. மரம் பச்சையாக நின்றதற்குக் காரணம் அவ்வளவுதான்.

அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். ஊரையெல்லாம் ஏசினேன், ஒரு ஏழை மீன்காரியைச் சந்தையில் வைத்து ஏசினேன். ஏச்சு வாங்க வேண்டியவள் கையில் நாழியோடு இங்கே நின்றிருக்கிறாள்! குளோரியின் படிப்பை நானே என் கையால் அளந்து அளந்து கெடுத்திருக்கிறேன்.

லீமா என்னைக் கொஞ்ச நேரம் அழ விட்டாள். பிறகு, "அழுதது மதி. உன் கண்ணீருலயும் உப்புதான் இருக்கு, மூட்டுல விடாத" என்றாள்.

உள்ளே போய்ப் பரணியைத் திறந்து ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறைய ஊறுகாய் எடுத்து வந்து கொடுத்தேன். மன்னிச்சிரு என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே வந்தது என்னவோ, "சிரட்டையத் திருப்பிக் கொண்டு வரணும், கேட்டியா?" என்பதுதான். என் வாய் அப்படிப்பட்ட வாய்.

அன்றே வேலையை ஆரம்பித்தோம். முதலில், வைத்த உப்பை மேல்மண்ணோடு வழித்து வாரி வெளியே கொட்டினோம். அணைத்த மண்ணை விலக்கினால் உள்ளே பட்டை அழுகி நாறியது. எலுமிச்சைக்கு மூடு மூடிக் கிடந்தால் மூச்சு முட்டும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். அழுகியதைக் கத்தியால் சுரண்டி, நல்ல பட்டை தெரிகிற இடத்தில் நிறுத்தி, சுண்ணாம்பைக் குழைத்துப் பூசினேன். மேல்வேர் தொடங்குகிற இடம் காற்றுப் படும்படி திறந்தே இருக்க விட்டேன். பிறகு ஒவ்வொரு மூட்டிலிருந்தும் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டினோம். குடம் குடமாக வெள்ளம் ஊற்றினால் உப்பைக் கரைத்துக்கொண்டு அது வடிந்து போக வேண்டும். தேங்கி நின்றால் அது வேறு கேடு. லீமா மீன் விற்று முடித்துத் திரும்பும் வழியில் வந்து கூடக் கோருவாள். என் வீட்டுக்காரர் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில் கோருவார். ஒருநாள் கோரிக்கொண்டே இருந்ததில் சாயங்கால ஜெப மணியை மறந்துவிட்டார். கல்யாணமான பதினாறு வருஷத்தில் அவர் மணி தவறியது அன்று ஒருநாள்தான். அன்று எனக்கு அவர்மேல் வந்த பிரியத்தை அவரிடம் சொல்லவில்லை. இரவு மீனில் பெரிய துண்டாக வைத்தேன்.

வைகாசியில் குளோரி இரண்டு பரணியோடு பள்ளிக்கூடம் போனாள். ஒன்றில் ஒரு சிரட்டை குறைவு. இடவப்பாதி மழை பொத்துக்கொண்டு பெய்தது. பெய்யட்டும் பெய்யட்டும் என்று நான் நனைந்துகொண்டே வாய்க்கால்களைத் திறந்து விட்டேன். மூன்று மரங்கள் தேறவில்லை, காய்ந்து விறகாக நின்றன. மற்ற ஏழும் ஆனியில் துளிர்விட்டன. முதல் தளிரைப் பார்த்தபோது சின்னப் பிள்ளைபோலக் கை தட்டினேன்.

தளிர் வந்ததும் அந்த எச்சப்புழுவும் வந்தது. கையால் பொறுக்கிப் பொறுக்கி மாளவில்லை. கிணற்றோரத்து மரத்தில் மட்டும் புழு ஒன்றும் இல்லை. இந்தத் தடவை எனக்குப் புத்தி இருந்தது, போய் அண்ணாந்து பார்த்தேன். நான் சூட்டு கொளுத்தியபோது எட்டாத உச்சிக் கிளையில் ஒரு முசிறுக் கூடு! புழுவை அவை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். நான் எரித்தது என் காவல்காரர்களை.

என் வீட்டுக்காரர் எங்கள் மாமரத்தில் ஏறி, முசிறுக் கூடுகளைக் கொம்போடு வெட்டி ஒரு சாக்கில் போட்டார். சாக்கைக் கட்டிய கயிறு அவிழ்ந்துவிட்டது. யாரிடமும் உரக்கப் பேசாத மனிதர் அன்றைக்கு விளை முழுக்கக் கூவிக்கொண்டு குதித்தார். "என்ன ஆச்சு?" என்று கோயிலிலிருந்து உபதேசியார் ஓடி வந்தார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஆனால் கூடுகள் கிளையில் ஒட்டிக்கொண்டன. புழு ஒரு மாதத்தில் ஓய்ந்தது.

ஆவணியில் குளோரியிடமிருந்து கடிதம் வந்தது. அவர்கள் பள்ளிக்கூடத் தோட்டக்காரரிடம் கேட்டாளாம். மரம் தழைத்ததும் மூன்று வாரம் வெள்ளம் நிறுத்த வேண்டும், மரம் கொஞ்சம் வாடினால் பயப்படக் கூடாது, பிறகு வெள்ளம் விட்டால் பூக்கும் என்று எழுதியிருந்தாள். மூன்று வாரம் நான் பட்ட பாடு கர்த்தருக்குத்தான் தெரியும். இலை சுருளச் சுருள என் கை குடத்துக்குப் போகும். "குளோரி எழுதியிருக்கால்லா" என்று என் வீட்டுக்காரர் குடத்தை வாங்கி வைப்பார். புரட்டாசியில் வெள்ளம் விட்டோம். விளை முழுக்கப் பூ.

அத்தான் அந்த வழியாகப் போகும்போது நின்று பார்த்தார். "பூவ ஊறுகா போடுவியா?" என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் போகாமல் கொஞ்ச நேரம் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றதையும் நான் பார்த்தேன்.

மாசியில் காய் பழுத்தது. ஆனால் நோயிலிருந்து எழுந்த மரங்கள்தானே, எவ்வளவு காய்க்கும்? பிஞ்சு நிறைய நின்றது, பழுத்தது கொஞ்சம். எட்டு மரத்தையும் பறித்தால் அரைக் கடவம்தான் தேறியது. இது இப்படித்தான் ஆகும் என்று பயந்து, முன்கூட்டியே ராஜபாய்க்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். அருமனையிலிருந்து ஒரு சாக்கு எலுமிச்சங்காய் வந்து இறங்கியது. பண்டிகைக்கு முந்தின நாள் அதை என் கடவத்தில் கொட்டி நிறைத்தேன். எலுமிச்சங்காயில் ஊர்ப்பெயர் எழுதியா இருக்கிறது?

என் வீட்டுக்காரர் வந்து கடவத்தைப் பார்த்தார். சாக்கையும் பார்த்தார்.

"கர்த்தருக்கு வைக்க கடவம்" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு விளக்குத் துடைக்கப் போய்விட்டார்.

"நீங்க மணியடிச்சா மதி!" என்று முதுகுக்குப் பின்னால் கத்தினேன். பிறகு உட்கார்ந்து, அருமனைக் காயையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திரும்பச் சாக்கில் போட்டேன். போடும்போது அவரை ஏசினேன், அத்தானை ஏசினேன், கடைசியில் என்னையும் ஏசிக்கொண்டேன்.

பண்டிகையன்று பீடத்துக்கு முன்னால் நெல்லும் வாழைக்குலையும் தேங்காயும் குவிந்திருந்தன. நடுவில் என் அரைக் கடவம். முன்வரிசையில் அத்தான் உட்கார்ந்திருந்தார். வரும் வழியிலேயே பார்த்தேன், எங்கள் வேலியோரத்தில் முத்துநாயகம் கோடாலியோடு குந்தியிருந்தான். காணிக்கை வைத்தவர்கள் எழுந்து சாட்சி சொல்வது எங்கள் சபை வழக்கம். நல்ல மழை தந்தார், நல்ல விளைச்சல் தந்தார் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். என் முறை வந்தது. எழுந்தேன்.

"எனக்க கடவம் நிறையல்ல. அதுக்குக் காரணம் நான்" என்று ஆரம்பித்தேன். "எனக்க மரத்துக்குக் கண்ணு பட்டுதுன்னு தேங்காய்ப்பட்டணத்து லீமாவச் சந்தையில வச்சு ஏசினேன். எல்லாரும் கேட்டிய. கண்ணு படல்ல. எனக்க கைதான் பட்டுது. தென்னைக்கு வைக்கதுபோல மூட்டுல உப்பு வச்சேன். மரம் கரியக் கரிய, சத்துப் போதாதுன்னு இன்னும் வச்சேன். மூணு மரத்த நானே கொன்னேன். மிச்சத்தப் பிழைக்க வச்சது லீமா. அவகிட்ட இதுவரைக்கும் ஒரு மன்னிப்புக் கேக்கல்ல. இப்பம் கேக்கேன்."

உட்கார்ந்தபோதுதான் வாசலைப் பார்த்தேன். வேறு சபைக்காரி என்பதால் எங்கள் கோயிலுக்குள் ஒருநாளும் காலெடுத்து வைக்காத லீமா, வெளியே படிக்கட்டுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் ரீத்தாவின் மூன்று மாதப் பிள்ளை. கையில் ஒரு சிரட்டை.

ஆராதனை முடிந்ததும் ஓடினேன். "சிரட்டையக் குடுக்கத்தான் வந்தேன்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "வாசல்ல வச்சு எனக்க பேரு கேட்டுது. மறுபடி ஏசுதியோன்னு நெனச்சேன்."

"பிள்ளையத் தா இஞ்ச" என்று வாங்கிக்கொண்டேன். பிள்ளையோடு அப்படியே விளைக்கு நடந்தேன், அவளும் கூட வந்தாள். அத்தான் எங்களுக்கு முன்னாலேயே போய்விட்டார் என்று தெரியும். மரம் விழும் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டேதான் போனேன்.

சத்தம் இல்லை. முத்துநாயகம் வேலியோரத்திலேயே நின்றான். அத்தான் முதல் மரத்தின் மூட்டில் குந்தியிருந்தார். சுண்ணாம்பு பூசிய வடுவை விரலால் தடவிக்கொண்டிருந்தார். நான் வந்தது தெரிந்தும் நிமிரவில்லை.

"எவ்வளவு வச்ச?"

"என்னது அத்தான்?"

"உப்பு. ஒரு மூட்டுக்கு எவ்வளவு?"

"ஒரு நாழி."

அவர் தலையை ஆட்டினார்.

"நான் தேவகனிக்க மரத்துக்கு ரெண்டு நாழி வச்சேன்" என்றார். "அவ போன பெறவு எனக்கு அது ஒண்ணுதான் இருந்துது. வாடுதுன்னு கண்டதும் இன்னும் ரெண்டு நாழி வச்சேன். மண்ணு பிடிக்கல்லன்னு நெனச்சேன் பூங்கனி. இத்தன வருஷமும் மண்ணத்தான் குத்தம் பறஞ்சேன்."

லீமா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அந்த நேரம் பார்த்து முத்துநாயகம், "பெரியவரே, எந்த மூட்டுல தொடங்கணும்?" என்று கேட்டான்.

"காய்ஞ்சு நிக்க மூணையும் தோண்டி எடு. வேற எதுலயும் கை வைக்காண்டாம்" என்றார் அத்தான். எழுந்து, கிளைகளில் நின்ற பிஞ்சுகளை அண்ணாந்து பார்த்தார். "இது வைகாசிக்குள்ள பழுக்குமா?"

"ரெண்டு பரணிக்குக் காணும் அத்தான்."

"பின்ன குளோரி படிக்கட்டு."

கிணற்றோரத்து மரத்தடியில் விதை விழுந்து முளைத்த கன்றுகள் நின்றன. பட்டுப்போன மூன்றுக்குப் பதிலாக வைக்கலாம் என்று விட்டிருந்தேன். அதில் நல்லதாக ஒன்றை வேர் அறாமல் மண்ணோடு தோண்டி, வாழைமட்டையில் பொதிந்து அவர் கையில் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வேலி வரைக்கும் போனவர் திரும்பி நின்றார்.

"அவ மரம் நின்ன எடத்துலயே வைக்கணும்னு ஒரு இது" என்றார். "எட்டு வருஷ மழை பெய்திருக்கு. உப்பு போயிருக்கும், இல்லியா?"

"போயிருக்கும் அத்தான். எல்லாம் போயிருக்கும்" என்றேன்.